ஓடையில் கல் தேடப் போகும் மதுரைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாலைந்து வருடமாகத் தை, மாசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஓடைகளுக்குப் போய்வருகிறோம். தேடுவது கல்லாகிப்போன சிப்பி, சங்கு, பல், மரம். புத்தகத்தில் ‘தொல்லுயிர் எச்சம்’ என்று இருக்கும், பிள்ளைகள் வாயில் ‘பாசில்’. ஒத்தக்கடையில் எங்கள் தெருவிலும் பள்ளி வாசலிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

அவ்வளவு தூரம் எதற்கு? வைகையில் கிடைக்காதா?

கிடைக்காது. முதல் கேள்விக்கே இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்ய. எங்கள் மாடியிலிருந்து யானைமலை தெரியும். அதுவும் திருப்பரங்குன்றமும் கிரானைட், நைஸ் வகைப் பாறை. மதுரையைச் சுற்றியுள்ள பாறைகள் ஒரு காலத்தில் பூமிக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் சில இடங்களில் 900 டிகிரிக்கும் மேல் சூடு ஏறியிருக்கிறது. அந்தச் சூட்டில் சிப்பி என்ன, சிப்பியின் சுவடுகூட மிஞ்சாது.

“விருதுநகர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்களே?” என்று மச்சான் மடக்கினார். பந்தல்குடி, ஆலங்குளம் சுண்ணாம்புக்கல்லும் அதே அடுப்பில் வெந்து மறுபடி படிகமானதுதான். உடைத்துப் பார்த்தால் சர்க்கரைக்கட்டி மாதிரி மினுக்கும், உள்ளே உயிர்ச்சுவடு இருக்காது. சிவகங்கைப் பக்கம் கொஞ்சம் பழைய படிவுப் பாறை உண்டு. ஆனால் பிள்ளைகள் குனிந்ததும் கையில் கிடைக்கிற இடம் அது இல்லை.

அப்படியானால் திருமங்கலம் ஓடையில் என் மகனுக்கு எலும்பு கிடைத்ததே?

பெரும்பாலும் சுக்கான் கல்லாக இருக்கும். கரிசல் மண்ணில் சுண்ணாம்பு கட்டிக்கட்டியாகத் திரண்டு வெளுத்த கல்லாகும். செடியின் வேரைச் சுற்றித் திரண்டதென்றால் நீளமாக, நடுவில் துளையோடு, கோழிக்கால் எலும்பு மாதிரியே இருக்கும். நானும் முதல் வருடம் ஏமாந்தவன்தான். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டும் பொருள், அதனால் இந்தச் சோதனையைச் சுக்கான் கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உண்மையான கிளிஞ்சல் கல்லிலும் நுரைக்கும், அதன் மேற்பரப்பு அரித்துப்போகும்.

இன்னொரு ஏமாற்று, கல்லுக்குள் புல்லும் பாசியும் படர்ந்தது போன்ற கறுப்புக் கோலம். பார்த்த எல்லாருமே இலை என்பார்கள். கல் விரிசலில் ஊறிய நீர் விட்டுப்போன மாங்கனீசுக் கறை அது. இலையென்றால் நரம்பு ஒழுங்காக ஓடும், காம்பு இருக்கும். இந்தக் கறை மனம்போன போக்கில் கிளைத்து விரிசலோடு நின்றுவிடும்.

ஓடையில் கிடக்கிற வெள்ளை நத்தைக் கூடு போன வருடத்து நத்தை. மாட்டெலும்பு மாட்டெலும்பேதான்.

பெரம்பலூரில் எப்படிக் கடல் சிப்பி வந்தது?

கடல் அங்கே வந்தது. இந்தியா ஒரு காலத்தில் அண்டார்க்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டிக் கிடந்தது. பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் நிலம் கிழிந்து தாழ்ந்தது, அந்தப் பள்ளத்துக்குள் கடல் ஏறியது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டு வரையிலும் அதன் பிறகும், ஏறியும் இறங்கியும் அது விட்டுப்போன சேறும் மணலும் சிப்பிக் குவியலும்தான் இன்று ஊட்டத்தூர், காரை, அரியலூர், செந்துறைப் பக்கத்து மண். அரியலூரில் இத்தனை சிமென்ட் ஆலை ஏன் என்று என் மகள் கேட்டாள். கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லை உற்றுப் பார்த்தால் பதில் கிடைக்கும், பாதிக் கல் கிளிஞ்சல். நம் வீட்டுத் தளத்திலும் கொஞ்சம் கடல் கலந்திருக்கலாம்.

1862-இல் பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் இந்தப் பகுதிப் பாறைகளை அடுக்கடுக்காகப் பிரித்து எழுதினார். பின்னால் ஸ்டோலிச்கா என்ற இன்னொரு ஆய்வாளர் இங்கிருந்து போன சங்கு சிப்பிகளை ஒவ்வொன்றாகப் படம் போட்டு விவரித்தார். உலகத்துப் புவியியல் மாணவர்களுக்கு ‘அரியலூர்’ என்ற பெயர் நமக்கு ‘மதுரை மல்லி’ மாதிரி.

எந்த இடம், எப்படிப் போவது?

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் திருச்சி தாண்டி, சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் டீ குடிக்கலாம். அங்கிருந்து கிழக்கே திரும்பி ஊட்டத்தூர், காரை. காரையைச் சுற்றி மண் மழையில் கிழிந்து கிழிந்து, மரமே இல்லாத சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக நிற்கும். வேறு கிரகத்துக்கு வந்துவிட்டோமா என்று முதல்முறை பயமாகக்கூட இருந்தது.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்தையும் பார்த்துவிடுங்கள். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. வேலி போட்ட இடம், பார்க்க மட்டும்தான். அரியலூர் பக்கம் வாரணவாசியில் இந்தப் படிமங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. ஓடைக்கு முன்னால் அங்கே போனால் பிள்ளைகளின் கண் பழகிவிடும் என்பது என் அனுபவம்.

திங்கள், வெள்ளி என்றால் வழியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனையும் கும்பிட்டு வரலாம். மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணிந்து அமர்ந்த இடம் என்பார்கள். நம் ஊர்க்காரர் தாண்டிப்போனால் கோவிப்பாள் என்று அத்தை மிரட்டியிருக்கிறார்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. ஐப்பசி கார்த்திகை மழை மண்ணைக் கழுவிப் புதுக் கல்லை வெளியே தள்ளியிருக்கும், வெயிலும் அடங்கியிருக்கும். பங்குனிக்கு மேல் அந்தப் பொட்டலில் நிற்க முடியாது.

ஓடையில் எப்படித் தேட வேண்டும்? எங்களுக்கு ஒன்றுமே கண்ணில் படவில்லை.

முதல் அரை மணி நேரம் யாருக்கும் படாது. நடந்துகொண்டே தேடுவதுதான் தப்பு. ஒரு பாய் அளவு இடத்தில் குத்த வைத்து உட்காருங்கள். தண்ணீர் திரும்பும் வளைவில், உள்பக்கம் சரளை ஒதுங்கிக் கிடக்கும். கனமானது அங்கேதான் தங்கும். சூரியன் தாழ்ந்திருக்கிற காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் வரி, மடிப்பு எல்லாம் நிழலோடு எழும்பித் தெரியும். உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் ஒரே கல்.

தேட வேண்டியது ‘அழகான கல்’ இல்லை, ஒழுங்கு. இயற்கையாக உடைந்த கல்லில் பொதுவாகச் சம இடைவெளியில் வரி இருக்காது. வரிசையாக வரி, விசிறி மாதிரி விரிப்பு, சுருள், இரண்டு பக்கமும் ஒத்த வடிவம், இவற்றில் ஒன்று கண்டால் நில்லுங்கள்.

காரையில் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது பெலம்னைட்டாகத்தான் இருக்கும். விரல் நீளம், தேன் நிறம், ஒரு முனை கூர்மை, துப்பாக்கித் தோட்டா மாதிரி. கணவாய் மீனின் ஒன்றுவிட்ட பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் உடலுக்குள் இருந்த கட்டைதான் இது. உடைந்த முனையைச் சூரியனுக்குக் காட்டினால் நடுவிலிருந்து சைக்கிள் ஆரம் மாதிரி கோடுகள் விரியும். என் மகன் அதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் பேசவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

கண்ணாடிச் சில்லு மாதிரி மண்ணெங்கும் மினுக்குவது ஜிப்சம். நகத்தால் கீறலாம். அது உயிர் எச்சம் இல்லை, வெறும் கனிமம்.

சுத்தியல், உளி வேண்டுமா?

வேண்டாம். பெரியவர்கள் முதலில் வாங்குவது அதைத்தான். உளி பட்டால் பாதி நேரம் உள்ளே இருப்பது உடையும், சில்லு தெறித்துக் கண்ணுக்கும் ஆபத்து. எங்கள் பையில் இருப்பவை: பழைய டூத் பிரஷ், காலி முட்டை அட்டை, ஜிப் கவர், அழியாத மார்க்கர், நோட்டு, லென்ஸ், பத்து ரூபாய் நாணயம். நாணயம் படத்தில் அளவு காட்ட, விட்டம் 27 மில்லிமீட்டர். அப்புறம் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, புளியோதரை.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பை வெண்ணெய் மாதிரி துளைக்கும்.

எத்தனை எடுத்துவரலாம்?

எங்கள் வீட்டுச் சட்டம்: ஆளுக்கு ஒன்று, தானாக உதிர்ந்து கிடப்பது மட்டும், அதே வகை பக்கத்தில் நிறையக் கிடந்தால் மட்டும். பாறையில் ஒட்டியிருப்பதைத் தொடுவதில்லை. முழு அம்மோனைட் (சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்த கடல் உயிர்), பல், எலும்பு, எது என்று புரியாதது ஆகியவற்றைப் படம் எடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவோம். பிள்ளை அழும். எங்கள் பிள்ளைகளும் அழுதார்கள். ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு மகள் காலை முழுக்க ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வாளி நிறைய அள்ளியிருந்தால் அவள் எதையும் பார்த்திருக்கமாட்டாள்.

எடுக்காவிட்டால் அடுத்த மழையில் உடைந்துதானே போகும்? எடுப்பது நல்லதுதானே?

பாதி உண்மை, அதனால்தான் இந்த வாதத்தை ஜெயிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஓடையில் உருண்டது உடையத்தான் செய்யும். சாதாரண பெலம்னைட் ஒன்றை எடுத்துவந்தால் அறிவியலுக்கு நஷ்டமில்லை. ஆனால் மேட்டிலிருந்து இப்போதுதான் வெளியே தலைகாட்டும் கல் வேறு. அது எந்த அடுக்கில், எதன் மேல், எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் கதை. பிடுங்கிய நிமிடம் கதை போய்விடும், கல் மட்டும் கையில் நிற்கும். அடுத்த மழையில் உடையும் என்று பயந்தால் படம் எடுத்து, இருப்பிடத்தைக் குறித்து, தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள்.

எடுத்த கல்லை எப்படி வைத்திருப்பது?

இதில் நாங்கள் நன்றாகவே பட்டிருக்கிறோம். இரண்டாவது வருடம் மூன்று ஓடை பார்த்தோம். எல்லாவற்றையும் ஒரே மஞ்சப்பையில் போட்டான் மகன், நானும் சரி விடு என்று இருந்துவிட்டேன். பிறகு ஒரு கல்லூரிப் புவியியல் ஆசிரியரிடம் காட்டினோம். வரிவரியான ஒரு சிப்பியை எடுத்து, லென்ஸ் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “இது எந்த ஓடையிலே கிடைச்சுச்சு தம்பி?” என்றார். மகன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவர் சிப்பியைப் பைக்குள் போட்டுவிட்டு, “பரவாயில்லை, வீட்டிலே வச்சுக்கோங்க” என்றார். அந்தப் ‘பரவாயில்லை’ இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது எடுத்த இடத்திலேயே கவரில் எழுதுகிறோம்: தேதி, ஊர், ஓடை, மொபைல் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, கரையிலா, தண்ணீரிலா, மேட்டின் அடியிலா, யார் எடுத்தது. துண்டுச் சீட்டில் இதையே எழுதி உள்ளேயும் போடுகிறோம். மேலே எழுதியது பையில் உரசி அழியும், உள்ளே இருப்பது மிஞ்சும். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் இந்தப் பக்கத்தில் சேர்த்தனுப்பிய சங்குகளை வைத்துத்தான் ஃபோர்ப்ஸ் என்ற ஆய்வாளர் லண்டனில் உட்கார்ந்து 1846-இல் அவற்றைப் பற்றி எழுதினார். அவர் இந்த ஓடையை மிதித்ததில்லை. எந்த ஊர்க் கல் என்று எழுதிவந்த குறிப்பு இருந்ததால்தான் அது முடிந்தது.

கழுவத் தண்ணீரும் பிரஷும் போதும். வினிகர் வேண்டாம், வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

இது சட்டப்படி சரியா?

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். பட்டா நிலமென்றால் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். “மதுரையிலேர்ந்து பிள்ளைகளோட வந்திருக்கோம்ண்ணே, கல்லு பாக்கலாமா?” என்று கேட்டு, இதுவரை யாரும் விரட்டியதில்லை. மோர் கொடுத்தவர்கள்தான் உண்டு. காப்புக்காட்டிலிருந்து கல்லும் எடுக்கக்கூடாது. கல்மரப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் தொடவே கூடாது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். வெடி வைக்கிற இடம், கைவிட்ட குழிகளில் ஆழத் தண்ணீர் நிற்கும்.

மத்திய அரசு 2022 டிசம்பரில் புவிமரபுச் சின்னங்களைப் பாதுகாக்க ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. தொல்லுயிர் எச்சங்களும் அதன் கணக்கில் வருகின்றன.

நம் ஊரில் அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே போய் மலையை ரசியுங்கள், பையைக் காரில் விட்டுவிடுங்கள்.

டைனோசர் முட்டை கிடைத்தால்?

உருண்டைக் கல் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. வந்து பார்த்தவர்கள் அம்மோனைட் படிவங்கள் என்றார்கள். எதையாவது கருவாக வைத்து அதைச் சுற்றிக் கனிமம் திரண்டால் கல் உருண்டையாகும், முட்டையே தேவையில்லை.

ஆனால் டைனோசர் எலும்பு இந்தப் பக்கத்தில் கிடைத்தது உண்மை. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1980-களின் கடைசியில் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பிருகத் காயம், பெரிய உடம்பு. அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. அப்புறம் பல வருடம் அது எலும்பா, கல்மரமா என்றே சந்தேகம் ஓடியது. தொழில்முறை ஆட்கள் கையிலேயே நொறுங்கியதை நாம் மண்வெட்டியால் தோண்டினால் என்ன ஆகும்? எலும்பு மாதிரி தெரிந்தால் மண்ணைக்கூடத் தட்டாமல் படம் எடுத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கோ, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி போலப் புவியியல் துறை உள்ள இடத்துக்கோ தெரிவியுங்கள்.

ராமேஸ்வரம் போகிறோம், கடற்கரையில் பவளக்கல் பொறுக்கலாமா?

கூடாது. பவளப்பாறை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. செத்த பவளம், கரை ஒதுங்கியது என்ற சமாதானமெல்லாம் செல்லாது. கடையில் விற்கிறார்களே என்று வாங்கவும் வேண்டாம்.

பூஜை அறை சாளக்கிராமமும் பாசிலா?

பலவற்றில் ஆம். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் உருண்டுவரும் கறுப்புக் கல்லுக்குள் இருக்கும் சக்கரம் அம்மோனைட்டின் சுருள். அத்தையிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். “பெருமாள் கடல்லதானே படுத்திருக்கார், அப்புறம் சங்குப் பூச்சி கூட இருந்தா என்ன” என்று முடித்துவிட்டார். அம்மோனைட் என்றால் விழிக்கிற பெரியவர்களிடம் சாளக்கிராமம் என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரிந்துவிடும்.

வைகைக் கரையில் பானை ஓடு கிடைத்தால்?

அது மனிதர் கதை, தொல்லியல் துறையின் கதை. கீழடி மதுரையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஓடு கிடந்தால் படம் எடுத்துவிட்டு விடுங்கள். காசு, நகை மாதிரி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தப் பத்து ரூபாயை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை போல.

ஊர்ப் பிள்ளைகள் கல் விற்றால் வாங்கலாமா?

வேண்டாம். ஒரு பையன் டவுசர் பையிலிருந்து ஒரு பிடி எடுத்து நீட்டினான். வாங்கினால் அடுத்த வாரம் அவன் கையில் கடப்பாரை இருக்கும். உட்காரச் சொல்லிப் புளியோதரை கொடுத்தோம். அவன்தான் எங்களுக்குக் கல் ஒதுங்கும் ஓடை வளைவைக் காட்டினான்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

ஐந்து வயதுக்கு மேல் சரி. கல்லைப் புரட்டும்போது தன்பக்க விளிம்பைத் தூக்காமல், மறுபக்க விளிம்பைத் தூக்கச் சொல்லுங்கள். தேள் இருந்தால் அந்தப் பக்கமாக ஓடும். தூரத்தில் மழை இருட்டினாலே ஓடையை விட்டு ஏறிவிடுங்கள், நம் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்றில்லை. பத்தரை மணிக்கெல்லாம் நிழலுக்குப் போய்விடுங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள்?

மைதா மாவைப் பிசைந்து சோழியை அழுத்தி எடுத்தால் அச்சு எப்படி விழுகிறது என்று பிள்ளைக்குப் புரியும். அடுப்படிக் கடப்பாக் கல்லில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சுண்ணாம்புக்கல்தான், ஆனால் ஓடு உள்ள உயிர்கள் பெருகுவதற்கு முந்தைய காலத்தது. ராஜஸ்தான் மஞ்சள் கல், ஜெய்சால்மர்க் கல் பதித்த ஓட்டல் வரவேற்பறை, கடை வாசல் கிடைத்தால் குனிந்து பாருங்கள். சிப்பியின் குறுக்குவெட்டு பிறைநிலா மாதிரி தெரியும். காவலாளி என்ன தொலைத்தீர்கள் என்று கேட்பார்.

உங்கள் வீட்டில் இப்போது எத்தனை இருக்கிறது?

முட்டை அட்டையில் பதினேழு, சீட்டோடு. மஞ்சப்பைச் சிப்பியும் இருக்கிறது, சீட்டு இல்லாமல். மாடிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம்.